வெற்று வேட்டின் மரியாதை

குடியரசு நாளுக்கு அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமை. கச்சிபௌலியில் எங்கள் குடியிருப்பின் மாடி அறையில் நடக்கும் தமிழ் வகுப்பில், தொலைக்காட்சியில் பார்த்த அணிவகுப்பைப் பற்றிப் பத்து வரி எழுதும்படி பிள்ளைகளிடம் சொல்லியிருந்தேன். ஏழாம் வகுப்புப் படிக்கும் ஒரு பையன், "21 குண்டுகள் முழங்க ஜனாதிபதிக்கு மரியாதை செய்தார்கள்" என்று ஒற்றுப்பிழை இல்லாமல் எழுதியிருந்தான். நோட்டைக் கொடுத்துவிட்டுப் போகாமல் நின்றான்.

"டீச்சர், அந்த 21 குண்டும் எங்கே போய் விழும்? யார் மேலயும் படாதா?"

இத்தனை ஆண்டுகளாகச் செய்தித்தாளில் இதே வாக்கியத்தைப் படித்து வருகிறேன். ஒருநாளும் எனக்கு இந்தச் சந்தேகம் வந்ததில்லை. "அடுத்த வாரம் சொல்கிறேன்" என்று சமாளித்துவிட்டு வீட்டுக்கு வந்து அப்பாவிடம் கேட்டேன். அப்பா பீரங்கிப் படையில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். வேலூர்ப் பக்கத்துக் கிராமத்திலிருந்து பட்டாளத்தில் சேர்ந்து பயிற்சிக்கு வந்தது, இங்கிருந்து பத்து கிலோமீட்டருக்குள் இருக்கும் கோல்கொண்டா பீரங்கிப்படைப் பயிற்சி மையத்துக்குத்தான். 1962-இல் தொடங்கிய மையம் அது.

அப்பா சிரித்தார். "குண்டே கிடையாதும்மா. வெறும் மருந்துதான். வெத்துவேட்டு."

வெத்துவேட்டு என்றால் நம் ஊரில் வசவு. சத்தம் மட்டும் போட்டுக் காரியம் ஒன்றும் செய்யாதவனை அப்படிச் சொல்வோம். ஆனால் உலகில் ஒருவருக்குச் செய்யக்கூடிய மிக உயர்ந்த மரியாதையும் அந்த வெற்று வேட்டுதான் என்று அன்று தெரிந்துகொண்டேன். அடுத்த வகுப்பில் பிள்ளைகளுக்குச் சொன்னதையும், பிறகு தேடிப் படித்ததையும் சேர்த்து நம் வாசகர்களுக்காக எழுதுகிறேன்.

முதலில் சொல்லைப் பார்ப்போம். பீரங்கி என்பது தமிழ்ச் சொல் அன்று. ஐரோப்பியரைக் குறிக்கும் ஃபிரங்கி என்ற சொல்தான் நம் வாயில் பீரங்கி ஆயிற்று. அதே சொல் மனிதரைக் குறிக்கும்போது பறங்கி ஆயிற்று. நம் தெலுங்கு அண்டை வீட்டார் இன்றும் ஃபிரங்கி என்றே சொல்கிறார்கள். ஒலி மாறாமல் வைத்திருப்பவர்கள் அவர்கள்தான். ஹைதராபாத்தில் இந்த ஆயுதத்தின் தடம் ஊர்ப் பெயரிலும் உண்டு. ஆபிட்ஸ் பக்கத்தில் 'கன்ஃபவுண்டரி' என்று பேருந்து நடத்துனர் கூவும் இடம், 1786-இல் நிஜாமுக்காக ரேமண்ட் என்ற பிரெஞ்சுக்காரர் பீரங்கி வார்த்த பட்டறை இருந்த இடம்.

இனி வேட்டுக்கு வருவோம். இந்த வழக்கம் கடலில் பிறந்தது என்பார்கள். அந்தக் காலப் பீரங்கியை ஒருமுறை சுட்டுவிட்டால், குழாயைத் துடைத்து, மருந்து திணித்து, மறுபடி குண்டு போட நேரம் பிடிக்கும். ஒரு கப்பல் வேற்றூர்த் துறைமுகத்தை நெருங்கும்போது தன் பீரங்கிகளை எல்லாம் வானத்தைப் பார்த்துச் சுட்டுத் தீர்த்துவிடும். "என் பீரங்கிகள் காலி. உன்னை நம்பி உள்ளே வருகிறேன்" என்று அதற்குப் பொருள். கும்பிடும்போது இரண்டு கையும் காலியாக இருப்பதைக் காட்டுகிறோமே, அதைப்போல என்று வைத்துக்கொள்ளலாம்.

எண்ணிக்கை ஒற்றைப்படையில் இருப்பது மங்கலம், இரட்டைப்படை சாவுக்கு என்பது பழைய மாலுமிகளின் நம்பிக்கை. நாம் மொய் எழுதும்போது நூறுடன் ஒரு ரூபாய் சேர்த்து வைக்கிறோம் அல்லவா! கப்பலில் ஏழு வேட்டு, கரையில் அதைப்போல மும்மடங்கு, ஆக 21 என்று ஒரு கணக்கும் சொல்கிறார்கள்.

ஆங்கிலேயர் ஆட்சியில் இந்த எண்ணிக்கை இந்திய மன்னர்களைத் தரம் பிரிக்கும் தராசாகிவிட்டது. பேரரசருக்கு 101, வைஸ்ராய்க்கு 31. மன்னர்களில் நம் ஹைதராபாத் நிஜாமுக்கும் மைசூருக்கும் பரோடா, குவாலியர், காஷ்மீருக்கும் 21. திருவிதாங்கூருக்கு 19, கொச்சிக்கு 17. இரண்டு வேட்டு கூடுதலாகக் கிடைப்பதற்காக அரண்மனைகள் செய்த மனுக்களும் உபசாரங்களும் கொஞ்சமல்ல. 1950 ஜனவரி 26 அன்று ராஜேந்திர பிரசாத் பதவியேற்றபோது 31 வேட்டு முழங்கிற்று. பின்னாளில் அது 21 ஆயிற்று. டெல்லியில் ஏழு பீரங்கிகள் முறை வைத்துச் சுடுகின்றன. தேசிய கீதத்துக்கு 52 வினாடி. அதற்குள் 21 முழக்கமும் முடிய வேண்டும். ஒரு வேட்டுக்கும் அடுத்ததற்கும் இடைவெளி சுமார் இரண்டரை வினாடி என்று நம் பிள்ளைகளே வகுத்துச் சொல்லிவிட்டார்கள். 2022 வரை இதற்குப் பயன்பட்டவை இரண்டாம் உலகப்போர்க் காலத்து '25-பவுண்டர்' பீரங்கிகள். 25 பவுண்டு, அதாவது 11 கிலோவுக்குச் சற்று மேற்பட்ட எடையுள்ள குண்டைச் சுடுவதால் அந்தப் பெயர். 2023 முதல் இந்தியாவிலேயே செய்த 105 மி.மீ. பீரங்கிகள் அந்த இடத்துக்கு வந்திருக்கின்றன.

(மறைந்த தலைவர்களின் இறுதிச் சடங்கில் காவலர்கள் வரிசையாக நின்று வானை நோக்கித் துப்பாக்கியால் சுடுவது வேறு. நம் பத்திரிகைகள் இரண்டையும் 'குண்டுகள் முழங்க' என்றே எழுதிக் குழப்புகின்றன. அதிலும் குண்டு கிடையாது என்பதை அந்தப் பையனுக்காகச் சொல்லிவைக்கிறேன்.)

அப்பா சொன்ன இன்னொரு செய்தி என்னை அதிகம் யோசிக்க வைத்தது. காலாட்படைக்குக் கொடி உண்டு. அதை உயிராக மதிப்பார்கள். போரில் அதை இழப்பது பெரும் அவமானம். பீரங்கிப் படைக்கு அப்படித் தனிக்கொடி கிடையாது. பீரங்கியே கொடி. அணிவகுப்பில் கொடிக்கு உரிய வணக்கம் பீரங்கிக்குக் கிடைக்கும். புதிய வீரர்கள் உறுதிமொழி எடுப்பது பீரங்கியின் முன்னிலையில். "அது மேல சாயக்கூடாது, உக்காரக்கூடாது, கால் படக்கூடாது. ஆயுத பூஜைக்குப் பொட்டு வைப்போம்" என்றார். அவர் ஒரு பீரங்கிக்குப் பொறுப்பான 'நம்பர் ஒன்' ஆக இருந்தவர். மரியாதை வேட்டு ஒன்றின்போது, எண்ணிக்கை தவறிவிடுமோ என்ற பயத்தில் அவருடன் இருந்த ஒருவர் சட்டைப்பையில் 21 புளியங்கொட்டை போட்டுக்கொண்டு, வேட்டுக்கு ஒன்றாக மறு பைக்கு மாற்றினாராம். ஒன்று குறைந்தாலும் மானம் போச்சு, கூடினாலும் மானம் போச்சு.

இந்தச் சடங்குகளை எல்லாம் சம்பளப் பட்டாளம் மட்டும் காப்பாற்றி வரவில்லை என்பதுதான் நான் சொல்ல வந்த விஷயம். ஊர் மக்களே விரும்பிச் சேர்ந்து, மற்ற நாளில் தத்தம் தொழிலைப் பார்த்துக்கொண்டு, ஓய்வு நேரத்தில் பீரங்கி பழகிய 'தொண்டர் பீரங்கிப்படை'கள் உலகில் சில உண்டு. (தொண்டர் என்றதும் கரைவேட்டியை நினைக்க வேண்டாம்.)

இவற்றில் மூத்தது லண்டனில் உள்ள ஹானரபிள் ஆர்ட்டிலரி கம்பெனி. எட்டாம் ஹென்றி மன்னர் 1537-இல் பட்டயம் தந்து ஏற்படுத்தியது. அன்று 'ஆர்ட்டிலரி' என்ற சொல்லில் வில்லும் அடக்கம். இன்று இதில் இருப்பவர்கள் வாரநாளில் வங்கியிலும் அலுவலகத்திலும் வேலை பார்ப்பவர்கள். நம் கச்சிபௌலி கம்ப்யூட்டர் கம்பெனிப் பிள்ளைகள் மாதிரி. 1924 முதல் லண்டன் கோபுரக் கோட்டையில் அரச மரியாதை வேட்டு முழக்கும் பொறுப்பு இவர்களுடையது. மன்னரின் பிறந்தநாள் போன்ற நாள்களில் அங்கே 62 வேட்டு. கணக்கு இப்படி: மன்னருக்கு 21, இடம் அரச கோட்டை என்பதால் இன்னும் 20, லண்டன் மாநகரத்தின் சார்பில் 21. பத்து வினாடிக்கு ஒன்று வீதம் பத்து நிமிடத்துக்கு மேல் தேம்ஸ் நதி அதிரும். 2022 செப்டம்பரில் எலிசபெத் அரசி மறைந்தபோது, அவர் வாழ்ந்த வயதுக்கு ஒன்றாக 96 வேட்டு. இதே படையில் ஒரு பிரிவினர் முதலாம் சார்லஸ் காலத்து உடையில் ஈட்டியும் பழந்துப்பாக்கியும் ஏந்தி, லண்டன் மேயர் பவனி வரும்போது கூடவே நடப்பார்கள். நம் ஊரில் சாமி புறப்பாட்டுக்குத் தீவட்டி பிடிக்கும் உரிமை சில குடும்பங்களுக்கு இருப்பதுபோல, அது அவர்களுக்கு உரிமை.

அங்கிருந்து இந்த வழக்கம் ஆங்கிலேயர் போன இடமெல்லாம் போயிற்று. அதில் நம் கதையோடு ஒட்டுவது சிங்கப்பூர்.

1888 பிப்ரவரி 22 அன்று சிங்கப்பூர்த் தொண்டர் பீரங்கிப்படை அமைக்கப்பட்டது. அதே ஆண்டில்தான் இலங்கையிலும் இப்படி ஒரு தொண்டர் பீரங்கிப்படை உருவாயிற்று. சிங்கப்பூர்ப் படையில் தொடக்கத்தில் சேர்ந்தவர்கள் அங்கே வியாபாரமும் உத்தியோகமும் பார்த்த ஐரோப்பியக் கனவான்கள். அவர்கள் வைத்துக்கொண்ட இலத்தீன் குறிமொழிக்குக் 'கிழக்கில் முதல்வர்' என்று பொருள். அந்த நாளில் சிங்கப்பூரில் தமிழர் இல்லாமலா இருந்தார்கள்? சாலை போட்டவர்கள், துறைமுகத்தில் மூட்டை சுமந்தவர்கள், வட்டிக்கடை வைத்த செட்டியார்கள், எழுத்தர்கள் என்று நிறையப் பேர் இருந்தார்கள். வேட்டுச் சத்தம் அவர்கள் காதிலும் விழுந்திருக்கும். ஆனால் அது அவர்கள் முழக்கியதும் அன்று, அவர்களுக்காக முழங்கியதும் அன்று.

பின்னர் காலம் புரண்டது. 1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் ஜப்பானியர் வசமாயிற்று, தொண்டர்களும் கைதிகளானார்கள். 1965-இல் தனி நாடு, 1967-இல் இளைஞர்களுக்குக் கட்டாயத் தேசிய சேவை. இன்றைய சிங்கப்பூர்ப் பீரங்கிப்படை தொண்டர்படை அன்று. ஆனால் அது தன் வேராகச் சொல்லிக்கொள்வது அந்த 1888 பிப்ரவரி 22-ஐத்தான். அதே இலத்தீன் குறிமொழியைத்தான் இன்றும் வைத்திருக்கிறது. சீனர், மலாய்க்காரர், தமிழர் எல்லோர் வீட்டுப் பிள்ளைகளும் தேசிய சேவைக்குப் போகிறார்கள்.

ஆண்டுதோறும் ஆகஸ்ட் 9 அன்று தேசிய தின அணிவகுப்பில் அந்நாட்டு ஜனாதிபதிக்கு 21 வேட்டு முழக்குகிறார்கள். அதற்கு அவர்கள் பயன்படுத்துபவை, டெல்லியில் ஓய்வு பெற்றுவிட்ட அதே ரகத்து 25-பவுண்டர்கள். அந்த மரியாதையைப் பெற்றவர்களில் 1999 முதல் 2011 வரை பன்னிரண்டு ஆண்டுகள் ஜனாதிபதியாக இருந்த எஸ். ஆர். நாதன் நம் தமிழர். 2023 செப்டம்பர் 14 அன்று பதவியேற்ற தர்மன் சண்முகரத்னம் இலங்கைத் தமிழ் வம்சாவளி. கனவான்கள் தங்கள் மன்னருக்காகத் தொடங்கிய படையின் வாரிசுகள், மூட்டை சுமந்தவர்கள் மொழியைச் சேர்ந்த ஒருவருக்குத் தங்கள் பீரங்கிகளைக் காலி செய்து காட்டுகிறார்கள். எங்கள் வகுப்பில் இதைச் சொன்னபோது பின்வரிசைப் பெண் ஒருத்தி கைதட்டிவிட்டாள்.

நாதன் அவர்கள் 2016 ஆகஸ்ட் 22 அன்று காலமானார். 26-ஆம் தேதி நடந்த அரசு இறுதிச் சடங்கில் அவர் உடல் இருந்த பேழையை 25-பவுண்டர் பீரங்கி வண்டியில் ஏற்றிச் சென்றார்கள். அந்த நிகழ்ச்சியில் அவருக்குப் பிடித்த ஒரு தமிழ்த் திரைப்பாடலும் ஒலித்தது. முதுமையில் சிங்கப்பூர்த் தலைவர் ஒருவரின் இறுதி ஊர்வலம் எதற்கு என்று நினைக்காமல் அப்பா அன்று முழுவதும் அந்தச் செய்தியைப் பார்த்துக்கொண்டிருந்தது நினைவிருக்கிறது. பீரங்கி வண்டியை மட்டும்தான் பார்க்கிறார் என்று அப்போது நினைத்தேன்.

இந்தியாவில் கதை வேறு விதமாகப் போயிற்று. 1857-இல் சிப்பாய்கள் எழுந்த பிறகு, மலைப்பகுதிகளில் இயங்கிய சில சிறு படைகளைத் தவிர, இந்தியர் கையில் பீரங்கியைக் கொடுப்பதில்லை என்று ஆங்கிலேயர் தீர்மானித்தார்கள். அதே 1857-இல் சென்னையில் தொண்டர் காவற்படை அமைந்தது. ஐரோப்பியரையும் ஆங்கிலோ-இந்தியரையும் கொண்ட படை அது. 1885-இல் ரஷ்யா படையெடுத்து வரும் என்று ஒரு பீதி கிளம்பியபோது, "நாங்களும் தொண்டர்களாக வருகிறோம்" என்று படித்த இந்தியர்கள் பல ஊர்களிலிருந்து விண்ணப்பித்தார்கள். அரசு இணங்கவில்லை. 1886-இல் கல்கத்தாவில் கூடிய காங்கிரஸ் இதை ஒரு தீர்மானமாகவே போட்டுக் கேட்டது. மறு ஆண்டு சென்னையில் பத்ருதீன் தயாப்ஜி தலைமையில் கூடிய காங்கிரஸிலும் இந்தக் கோரிக்கை எழுந்தது. வரி கட்டலாம், வக்கீலாகலாம், ஆனால் பீரங்கிப் பக்கம் வரக்கூடாது. அந்த நாளைய காங்கிரஸ்காரர்களை 'மனு எழுதியவர்கள்' என்று நாம் லேசாகச் சொல்லிவிடுகிறோம். அவர்கள் கேட்டது பதவி மட்டும் அல்ல. எங்களை நம்பு என்றும் கேட்டார்கள்.

அந்த நம்பிக்கை வர அரை நூற்றாண்டு ஆயிற்று. 1935 ஜனவரி 15 அன்று பெங்களூரில் இந்தியர்களைக் கொண்ட முதல் களப் பீரங்கிப்படைப் பிரிவு அமைக்கப்பட்டது. அதில் தென்னிந்தியரும் இருந்தார்கள். பீரங்கிப் படையில் அதிகாரியான தொடக்க கால இந்தியர்களில் ஒருவர் திருச்செங்கோட்டுக் குமாரமங்கலம் ஜமீன் குடும்பத்துப் பி. பி. குமாரமங்கலம், சென்னை மாகாண முதலமைச்சராக இருந்த டாக்டர் சுப்பராயனின் மகன். 1933-இல் படையில் சேர்ந்தவர் 1966 முதல் 1969 வரை இந்தியத் தரைப்படையின் தலைமைத் தளபதியாக இருந்தார். காங்கிரஸ் கேட்ட தொண்டர்படையும் பிற்பாடு கிடைத்தது. 1949 அக்டோபர் 9 அன்று டெரிட்டோரியல் ஆர்மியை முறைப்படி தொடங்கிவைத்தவர் அன்றைய கவர்னர் ஜெனரல் ராஜாஜி. தொழிலை விடாமல் ஆண்டில் சில வாரம் படைப்பணி செய்யும் இந்த அமைப்பில் தொடக்க காலத்தில் கடற்கரைப் பீரங்கிப் பிரிவும் விமான எதிர்ப்புப் பிரிவும்கூட இருந்தன.

இவ்வளவும் நடந்த வகுப்பின் முடிவில் ஒரு தாய் என்னிடம் வந்தார். "தப்பா நினைக்காதீங்க டீச்சர், புள்ளைங்க தமிழ் படிக்க வர்றாங்க. இந்தப் பட்டாளத்துக் கதை எல்லாம் எதுக்கு?" என்றார். நியாயமான கேள்விதான். எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. அடுத்த ஞாயிறு எல்லோரும் கோல்கொண்டா போகிறோம், நீங்களும் வாருங்கள் என்று மட்டும் சொன்னேன்.

போனோம். 2014 முதல் சுதந்திர தினத்தன்று தெலங்கானா முதலமைச்சர் கொடியேற்றுவது இந்தக் கோட்டையில்தான் என்பது பிள்ளைகளுக்குத் தெரிந்திருந்தது. சுற்றுமதிலில் பெட்லா புர்ஜ் என்ற கொத்தளத்தின் மேல் ஃபதே ரஹ்பர் என்ற பெரிய பீரங்கி கிடக்கிறது. 'வெற்றிக்கு வழிகாட்டி' என்று பொருள். ஔரங்கசீப்பின் பீரங்கி அது. 1687-இல் அவர் எட்டு மாதம் இந்தக் கோட்டையை முற்றுகையிட்டார். அத்தனை பீரங்கிகள் இருந்தும் கடைசியில் உள்ளிருந்த ஒருவன் கதவைத் திறந்துவிட்டதால்தான் கோட்டை விழுந்தது என்பது வரலாறு. தஞ்சாவூரில் பீரங்கி மேட்டில் நாயக்கர் காலத்து இரும்புப் பீரங்கியைப் பார்த்தவர்களுக்கு இதைப் பார்த்ததும் அதன் நினைவு வரும். நான் அதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே, பையன்கள் மூன்று பேர் படம் எடுப்பதற்காகக் குழாயின் மேல் ஏறி உட்கார்ந்துவிட்டார்கள். குண்டு எங்கே விழும் என்று கேட்டவனும் அதில் ஒருவன்.

அப்பா ஒன்றும் சொல்லவில்லை. சற்றுத் தள்ளியே செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, பக்கத்தில் போய் அதன்மேல் கையை வைத்தார். வெயிலில் சுட்டிருக்க வேண்டும், கையை எடுக்கவில்லை.

"டேய், இறங்குங்கடா" என்று அதட்டிய குரல் என்னுடையது அல்ல. போன வாரம் என்னிடம் கேள்வி கேட்ட அந்தத் தாய்தான்.